பிரிண்டருக்கு நிலையான ஐபியா, ரவுட்டரில் ஒதுக்கீடா? சாவி யார் கையில் என்று பாருங்கள்

"அண்ணே, வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லாதான் பிரிண்ட் ஆச்சு. இன்னிக்கு ஆஃப்லைன்னு காட்டுது."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒரு வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்காளர் ஆபீஸ், அடுத்த வாரம் செந்தூலில் ஒரு டியூஷன் சென்டர், அதற்கடுத்து மஸ்ஜித் இந்தியாவில் ஜவுளிக்கடைக்கு மேல்மாடி. இடம் மாறும், வாசகம் மாறாது. போய்ப் பார்த்தால் பிரிண்டர் பச்சை விளக்கோடு சும்மா உட்கார்ந்திருக்கும். அதன் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்க உதவும் எண், மாறியிருக்கும். கணினிகளோ பழைய முகவரிக்கே வேலையை அனுப்பிக்கொண்டிருக்கும். வீடு மாறிப் போனவருக்குப் பழைய வீட்டு வாசலில் நின்று மணி அடிப்பது போல.

சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: இதை நிரந்தரமாக முடித்துவைக்க என்ன வழி? வழிகள் நான்கு இருக்கின்றன. எது நல்லது என்பது உங்கள் ஆபீஸில் எந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சாவி என்று நான் சொல்வது பாஸ்வேர்டை.

## முகவரி ஏன் மாறுகிறது

ஆபீஸில் இருக்கும் ரவுட்டர், தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் டிஎச்சிபி என்ற முறைப்படி ஒரு முகவரி கொடுக்கிறது. 1993-இல் வந்த முறை. இன்று புழங்கும் வடிவம் 1997-இல் வரையறுக்கப்பட்டது. அது தருவது பட்டா அல்ல, வாடகை. வாடகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் பிரிண்டருக்கு முகவரி சாதாரணமாக மாறாது.

சிக்கல் அணைத்துவைக்கும் நேரத்தில்தான். பல சிறு ரவுட்டர்களில் வாடகைக் காலம் 24 மணி நேரம். வெள்ளி மாலை ஆறு மணிக்கு அணைத்துவிட்டு திங்கள் காலை ஒன்பதுக்குப் போட்டால் 63 மணி நேரம் ஆகிவிடுகிறது. விண்டோஸ் சர்வர் வைத்திருக்கும் ஆபீஸில் வழக்கமான காலம் 8 நாள். அவர்களுக்கு வாரக்கடைசியில் ஒன்றும் ஆகாது, சீனப் புத்தாண்டுக்கோ ஹரி ராயாவுக்கோ பத்து நாள் மூடிவிட்டு வந்தால் ஆகும். காலம் முடிந்தாலும் அந்த முகவரி காலியாக இருந்தால் பெரும்பாலான ரவுட்டர்கள் அதையே திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் ஐந்து மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு ஆறாவது மாதம் காலை வாரிவிடுகிறது. அந்த இடைவெளியில் வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள்.

டியூஷன் சென்டரில் இது அடிக்கடி நடக்கும். நாற்பது பிள்ளைகள், நாற்பது கைப்பேசிகள். புதிய ஃபோன்கள் தனியுரிமைக்காகத் தங்கள் வன்பொருள் எண்ணை மாற்றிக் காட்டுவதால், ஒரே ஃபோன் சில சமயம் இரண்டு முகவரிகளைப் பிடித்துவைத்திருக்கும்.

முதலில் நோய் இதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு, கணினியில் பிரிண்டர் போர்ட்டில் (கணினி வேலையை அனுப்பும் வாசல்) இருக்கும் முகவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தும் ஆஃப்லைன் என்றால், விண்டோஸ் போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி (பிரிண்டரின் நிலையைக் கேட்டறியும் முறை) என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள். பல தடவை அதோடு முடிந்துவிடும். தாளில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், பிரிண்டர் கேட்டபோது யாருமே முகவரி கொடுக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

## எதை வைத்து எடைபோடுவது

பொதுவாகச் சொல்லப்படும் "எளிது, கடினம்" என்ற அளவுகோல் எனக்குப் பயன்பட்டதில்லை. நான்குமே அரை மணி நேர வேலைதான். நான் பார்ப்பது இவை:

- ரவுட்டர் மாறும் நாளில் என்ன ஆகும்? பைபர் ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனத்துக்குப் போனால் பெட்டியும் மாறும். மின்னல் அடித்துப் போனாலும் மாறும்.
- பிரிண்டர் மாறும் நாளில் என்ன ஆகும்? வாடகை போட்டோஸ்டேட் மெஷின் என்றால் பழுதானதும் வேறு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள்.
- பிற்பகல் இடிமழையில் இஎல்சிபி (மின்கசிவு என்றால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) விழுந்து, மறுபடி தூக்கிவிட்டால் தானாக எழுந்து நிற்குமா?
- அமைத்தவர் வேலையை விட்டுப் போனபின், அடுத்தவர் எங்கே பார்த்துப் புரிந்துகொள்வார்?

## வழி 1: அப்படியே விட்டுவிடுவது

பிரிண்டரை இணைத்து, விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்ததைச் சேர்த்துவிட்டு மறந்துவிடுவது. இன்றைய ஆபீஸ்களில் பல இப்படித்தான் ஓடுகின்றன. தானாகச் சேரும்போது விண்டோஸ் பெரும்பாலும் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டைப் போட்டுவிடும். முகவரி மாறினாலும் அது தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். அது சில ஆபீஸ்களில் வேலை செய்கிறது. வேலை செய்யாதபோது ஏன் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு, நான் பார்த்ததும் கழற்றிவிடுவேன்.

இரண்டு பேர், ஒரு பிரிண்டர், அதுவும் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் இதுவே போதும். யூஎஸ்பி கம்பியில் நேராக மாட்டியிருப்பவர்கள் இந்தக் கட்டுரையையே படிக்க வேண்டியதில்லை.

## வழி 2: பிரிண்டரிலேயே நிலையான முகவரி

பிரிண்டரின் மெனுவுக்குள் போய், தானியங்கி என்றிருப்பதைக் கைமுறை என்று மாற்றி (பிரதர் பிரிண்டர்களில் இதற்கு 'பூட் மெத்தட்' என்று பெயர்) எண்ணைத் தட்டுவது. அதன்பின் பிரிண்டர் யாரையும் கேட்பதில்லை. கரண்ட் போய் வரும்போது இதன் அருமை தெரியும்: பைபர் ரவுட்டர் எழுந்திருக்கச் சில நிமிடம் எடுக்கும், பிரிண்டர் அதற்கு முன்பே எழுந்துவிடும். முகவரி கேட்கும் பிரிண்டர் பதில் கிடைக்காமல் 169.254-க்குப் போய்விடலாம். புதியவை தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்து திரும்பிவிடும். பழையவை சில, கையால் அணைத்துப் போடும்வரை அங்கேயே நிற்கும். நிலையான முகவரி உள்ளதற்கு இந்தக் கவலை இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, எண் மோதல். ரவுட்டர் (முகவரியின் கடைசிப் பகுதியில்) 2 முதல் 254 வரை எல்லா எண்களையும் வாடகைக்கு விடும்படி இருந்தால், நீங்கள் பிரிண்டருக்கு வைத்த 50-ஐ அது ஒருநாள் யாருடைய லேப்டாப்புக்காவது கொடுத்துவிடக்கூடும். அப்புறம் காலையில் பிரிண்ட் ஆகும், மதியம் ஆகாது, அந்த லேப்டாப்காரர் லீவு போட்ட நாளில் அருமையாக ஓடும். எண் காலியா என்று பிங் செய்து (அந்த எண்ணைக் கூப்பிட்டு பதில் வருகிறதா என்று) பார்ப்பதை நம்பவேண்டாம். அணைந்திருக்கும் கருவி பதில் சொல்லாது. சரியான வழி, ரவுட்டரில் வாடகை வரம்பை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டு, பிரிண்டருக்கு அதற்கு வெளியே ஓர் எண் வைப்பது.

வெளியே வைத்தாலும் ஒரு வம்பு உண்டு. நம் ஊர் டெக்னீஷியன்களுக்கு 88 என்றால் கொள்ளைப் பிரியம். ஒரு வழக்கறிஞர் ஆபீஸில் நான் போட்டோஸ்டேட்டுக்கு 88 வைத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து சிசிடிவி மாட்ட வந்தவரும் தன் பெட்டிக்கு 88 வைத்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நான்தான் எங்கும் எழுதிவைக்கவில்லை. நிலையான முகவரியின் பெரிய பலவீனமே இதுதான்: பதிவு பிரிண்டரின் வயிற்றுக்குள் இருக்கிறது, வெளியே தெரியாது.

இரண்டாவது, அரைகுறையாக நிரப்புவது. முகவரியையும் சப்நெட் மாஸ்க்கையும் (வலையின் எல்லையைச் சொல்லும் எண்) போட்டாலே பிரிண்ட் ஆகிவிடும், ஏனென்றால் கணினியும் பிரிண்டரும் ஒரே வலைக்குள் இருக்கின்றன. கேட்வேயும் (வலைக்கு வெளியே போகும் வழி) டிஎன்எஸ்ஸும் (பெயரை எண்ணாக மாற்றித் தருவது) காலியாக விட்டது மூன்று மாதம் கழித்து, யாராவது ஸ்கேன் செய்து மின்னஞ்சலுக்கு அனுப்ப முயலும்போதுதான் தெரியவரும். அதற்குள் என்ன செய்தோம் என்று எல்லோருக்கும் மறந்திருக்கும்.

மூன்றாவது, ரவுட்டர் மாறுவது. பழைய பெட்டி 192.168.1 என்ற வரிசையில் ஓடியது, புதியது 192.168.0 என்ற வரிசையில் வருகிறது. பிரிண்டர் தனித்தீவு ஆகிவிடும். கணினியிலிருந்து அதன் அமைப்புப் பக்கத்தைக்கூடத் திறக்க முடியாது. சிறு திரையும் இல்லாத மாடல் என்றால் ஃபேக்டரி ரீசெட்தான். ஆனால் இதற்கு மருந்து எளிது. புதிய பெட்டி மாட்ட வந்தவர் கிளம்பும் முன், ரவுட்டரின் உள்வலை முகவரியைப் பழையது எதுவோ அதுவாகவே, உதாரணமாக 192.168.1.1 என்று, மாற்றித் தரச் சொல்லுங்கள். வாடகை வரம்பும் பழையபடி. சில நிமிட வேலை. பிரிண்டர், சிசிடிவி, விரல்ரேகை வருகைப் பதிவு மெஷின் எல்லாம் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

## வழி 3: ரவுட்டரில் ஒதுக்கீடு

ரிசர்வேஷன் என்பார்கள். பிரிண்டர் வழக்கம்போல் ரவுட்டரிடம் முகவரி கேட்கிறது. ரவுட்டர் அதன் மேக் முகவரியைப் பார்த்து, "உனக்கு எப்போதும் 50" என்று ஒரே எண்ணைத் தருகிறது. மேக் முகவரி என்பது நெட்வொர்க் பாகத்தில் பொறித்து வரும் பன்னிரண்டு இலக்க அடையாளம். கம்பி இணைப்புக்கு ஒன்று, வைஃபைக்கு வேறொன்று. வைஃபையில் ஓடும் பிரிண்டருக்குக் கம்பியின் எண்ணைப் பதிந்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்வது எல்லோரும் ஒருமுறை செய்யும் தவறு. பதிந்த பிறகு பிரிண்டரை அணைத்துப் போட மறக்கவேண்டாம், அதுவரை பழைய வாடகையிலேயே இருக்கும்.

பலரும் இதையே சிறந்தது என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறப்பு இல்லாமல் இல்லை. எல்லா முகவரியும் ஒரே பட்டியலில் கண்ணுக்குத் தெரியும், 88 சண்டை பெரும்பாலும் வராது. கேட்வே, டிஎன்எஸ் தானாக வரும். ஐந்தாறு பிரிண்டர்கள், இரண்டு மாடி என்றால் ஒவ்வொன்றின் முன்னாலும் போய்க் குனிந்து நிற்க வேண்டியதில்லை.

என் மனம் மாறியது, அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று யோசித்தபோது. இங்குள்ள சிறு ஆபீஸ்களில் ரவுட்டர் என்பது பெரும்பாலும் இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி. அது மாறினால் பட்டியலும் அதோடு போய்விடும். முன்கூட்டிச் சேமித்து வைத்திருந்தாலும் வேறு மாடலில் அது ஏறாது. புதிய பெட்டி மாட்டுபவர் 192.168.1 வரிசையை அப்படியே வைத்துக் கொடுத்தாலும் பயனில்லை. பட்டியல் காலி, பிரிண்டர் கிடைத்த எண்ணை எடுத்துக்கொள்ளும். அடுத்து, பிரிண்டர் மாறினாலும் இது உடையும், மேக் முகவரி வேறாகிவிடுவதால். நெட்வொர்க் பாகம் உள்ள போர்டை மாற்றினாலும் அதே கதை. போட்டோஸ்டேட் கம்பெனி ஆளுக்கு மெஷினின் சாவி தெரியும், உங்கள் ரவுட்டரின் சாவி தெரியாது. "ஐடி ஆளைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த ஐடி ஆள் போன வருடமே ஜொகூருக்கு வேலை மாறிப் போயிருப்பார்.

இன்னொரு கூத்து. மாடியில் வைஃபை வரவில்லை என்று யாராவது லோ யாட் பிளாசாவில் ஒரு ரவுட்டர் வாங்கிவந்து அப்படியே சொருகிவிடுவார்கள். இப்போது ஆபீஸில் முகவரி கொடுப்பவர்கள் இரண்டு பேர். புதியவருக்கு உங்கள் ஒதுக்கீட்டுப் பட்டியல் தெரியாது. பிரிண்டர் யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் சொன்னதைக் கேட்கும். வாங்கிய பெட்டியை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தருவது) மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒருமுறை முக்கால் நாள் போயிற்று.

## வழி 4: எண்ணை விட்டுப் பெயரைப் பிடிப்பது

முகவரி எப்படி மாறினால் என்ன, பெயர் சொல்லிக் கூப்பிடலாமே என்பது இந்த வழி. எம்டிஎன்எஸ் என்ற முறை இதைச் செய்கிறது. 2013-இல் தரமாக்கப்பட்டது, ஆப்பிள் கருவிகள் அதற்கு முன்பிருந்தே பயன்படுத்துகின்றன. ஐபோனிலிருந்தும் ஆப்பிள் கணினியிலிருந்தும் ஏர்பிரிண்ட் மூலம் அச்சிடுகிறவர்கள் அறியாமலே இதைத்தான் செய்கிறார்கள். எல்லோரும் ஆப்பிள் வைத்திருக்கும் டிசைன் ஸ்டுடியோ போன்ற இடங்களில் முகவரி பற்றிய பேச்சே எழாது.

விண்டோஸ் ஆபீஸில் இதை நம்பி இறங்கும் முன் இரண்டு விஷயம். தொழிற்சாலையிலிருந்து வரும் பெயரே மேக் முகவரியிலிருந்து செய்ததாக இருக்கும்: பிரதர் என்றால் கம்பிக்கு பிஆர்என், வைஃபைக்கு பிஆர்டபிள்யூ என்று தொடங்கி அந்தப் பன்னிரண்டு இலக்கம், எச்பியில் பல மாடல்களுக்கு என்பிஐ என்று தொடங்கிக் கடைசி ஆறு இலக்கம். மெஷின் மாறினால் பெயரும் மாறும். நீங்களே இடைவெளியில்லாத ஓர் ஆங்கிலச் சொல்லாகப் பெயர் வைத்து, புதிய மெஷினுக்கும் அதையே வைக்கச் சொன்னால்தான் பலன். இரண்டாவது, இந்த அழைப்பு ஒரு வலையைத் தாண்டி அடுத்த வலைக்குப் போகாது. விருந்தினர் வைஃபையில் இருப்பவருக்கோ, தனி விலேனில் (தனியாகப் பிரித்துவைத்த வலை) இருக்கும் மாடிக்கோ கேட்காது.

விண்டோஸ் சர்வரும் சொந்த டிஎன்எஸ்ஸும் உள்ள ஆபீஸில் பெயரை அங்கேயே பதிந்துவிடலாம். அங்கே மூன்றாவது வழியும் நான்காவதும் கைகோத்து நன்றாக ஓடும், மேலே சொன்ன என் குறைகளில் பாதி அங்கே பொருந்தாது.

## பக்கம் பக்கமாக

| | அப்படியே விடுவது | நிலையான ஐபி | ரவுட்டரில் ஒதுக்கீடு | பெயர் |
|---|---|---|---|---|
| ரவுட்டர் மாறினால் | அதிர்ஷ்டம் | பழைய வரிசையை வைத்தால் ஒன்றும் ஆகாது | பட்டியலைத் திரும்பப் பதிய வேண்டும் | பெரும்பாலும் ஒன்றும் ஆகாது |
| பிரிண்டர் மாறினால் | கணினிதோறும் வேலை | புதியதில் அதே எண்ணைத் தட்டவேண்டும் | ரவுட்டரில் மேக் மாற்றவேண்டும் | அதே பெயரை வைக்கவேண்டும் |
| கரண்ட் போய் வந்தால் | சந்தேகம் | பிரச்சினை இல்லை | பழைய பிரிண்டரில் சந்தேகம் | பழைய பிரிண்டரில் சந்தேகம் |
| பதிவு இருக்கும் இடம் | எங்கும் இல்லை | பிரிண்டருக்குள் | ரவுட்டருக்குள் | பிரிண்டருக்குள் அல்லது டிஎன்எஸ்ஸில் |
| தேவைப்படும் சாவி | எதுவுமில்லை | பிரிண்டர், ஒருமுறை ரவுட்டர் | எப்போதும் ரவுட்டர் | பிரிண்டர் |

## எந்த ஆபீஸுக்கு எது

ஷாப்லாட் மாடியில் ஐந்து முதல் பத்து பேர், இணைய நிறுவனத்தின் ரவுட்டர், ஒன்றிரண்டு பிரிண்டர்: நிலையான ஐபி, வாடகை வரம்புக்கு வெளியே. போட்டோஸ்டேட் வாடகைக்கு எடுத்திருந்தாலும் இதையே சொல்வேன். மெஷினை மாற்ற வருபவர் பழையதில் உள்ள எண்களைப் பார்த்துப் புதியதில் தட்டிவிட்டுப் போவார், அவர் கையில் இருக்கும் சாவியே போதும். அதே மாடல் என்றால் கணினிகளை யாரும் தொடவேண்டியதில்லை.

சொந்தமாக வாங்கிய ரவுட்டரோ சர்வரோ இருக்கிறது, மாதச் சம்பளத்தில் ஐடி ஆள் இருக்கிறார், பிரிண்டர்கள் நான்குக்கு மேல்: ஒதுக்கீடு. அங்கே நிலையான ஐபியை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருப்பது வீண்வேலை.

டியூஷன் சென்டர்: நிலையான ஐபி, அதற்கும் முன்பு பிள்ளைகளின் ஃபோன்களை விருந்தினர் வைஃபைக்குத் தள்ளுங்கள்.

ரவுட்டரில் வரம்பைச் சுருக்க இடமே தராத மாடல் என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்: பிரிண்டரில் 50 என்று நிலையாகத் தட்டிவிட்டு, ரவுட்டரிலும் அதே 50-ஐ அதன் மேக்குக்கு ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டர் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காது.

## மாற்றும் நாளில்

எந்த வழி எடுத்தாலும், கணினியில் பழைய பிரிண்டரை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்காதீர்கள். இருக்கும் பிரிண்டரின் பண்புகளில் போர்ட் பக்கத்துக்குப் போய், டிசிபி/ஐபி போர்ட் ஒன்றை உருவாக்கி அதற்கு மாற்றுங்கள். கணக்கு மென்பொருளில் இன்வாய்ஸுக்கு ஒரு பிரிண்டர், ரசீதுக்கு ஒன்று என்று தேர்ந்து வைத்திருப்பது கலையாது.

பிரிண்டரின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்: முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், மாற்றிய தேதி. உள்ளே இல்லை, வெளியே. என் 88 கதைக்குப் பிறகு நான் ஸ்டிக்கர் இல்லாமல் எந்த ஆபீஸ் வாசலையும் மிதிப்பதில்லை.

கடைசியாக ஒன்று, இதைப் பலரும் கோட்டை விடுவார்கள். ஸ்கேன் செய்து கணினியின் ஃபோல்டருக்கு அனுப்பும்போது பிரிண்டர்தான் கணினியைத் தேடிப் போகிறது. மெஷினின் முகவரிப் புத்தகத்தில் வரவேற்பாளர் அக்காவின் கணினி எண்ணால் பதிவாகியிருந்தால், அந்தக் கணினியும் வாடகை முகவரியில்தான் இருக்கிறது. அது மாறிய நாளில் ஸ்கேன் நின்றுவிடும், பழி பிரிண்டர் மேல் விழும். அங்கே எண்ணுக்குப் பதில் கணினியின் பெயரைப் பதிந்து பாருங்கள். மெஷின் பெயரை ஏற்கவில்லை என்றால், பிரிண்டருக்குச் செய்ததையே அந்தக் கணினிக்கும் செய்யுங்கள். பிறகு ஒரு தாளை வைத்து ஸ்கேன் பொத்தானை அழுத்தி, ஃபோல்டரில் வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.